சைக்கிள் கைப்பிடியில் போனா, தனி மீட்டரா? சென்னைச் சாலைகளில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

ஞாயிறு மிதிப்போன், பெருங்குடி

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய் வருவது என் வழக்கம். வேகம், தூரம், வழி எல்லாவற்றுக்கும் இதுவரை போன்தான். உடன் வருபவர்களின் கைப்பிடியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஜிபிஎஸ் மீட்டர்களைப் பார்க்கிறேன். விலை நான்கைந்தாயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தையும் தாண்டிப் போகிறது. எல்லாம் போனிலேயே இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைக்காரர் சொல்வதைக் கேட்டாகிவிட்டது. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் ஓட்டியவர்கள் கண்டதைச் சொன்னால் உதவியாக இருக்கும். என் சைக்கிளுக்கு 27.5 அங்குலச் சக்கரம்.

கடலோரக் காற்று, திருவான்மியூர்

நண்பரே, கத்திரி வெயிலில் காலை ஒன்பது மணிக்கு மேல் முட்டுக்காடு பாலத்தில் திரும்பி வந்து பாருங்கள். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

போன மே மாதம் நாங்கள் நான்கு பேர் மாமல்லபுரம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். மே மாதத்தில் கடல் காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் உள்ளே வரும். அதுவரை மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுதான். என் போன் கைப்பிடியில், கறுப்பு உறைக்குள் இருந்தது. முதலில் திரை மங்கியது. வெளிச்சத்தைக் கூட்டினேன், மறுபடியும் தானாகவே மங்கியது. பிறகு வேகம் காட்டிய இடத்தில் வெப்பமானிப் படம் வந்து, குளிர்ந்த பிறகுதான் வேலை செய்வேன் என்று நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் கூட வந்த ஒருவருக்குத் தலை சுற்றி, சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். 108-ஐ அழைக்கலாமா என்று கையில் எடுத்தால் அவசர அழைப்பைத் தவிர வேறெதற்கும் அது இசையவில்லை. வண்டி வரவழைக்க வீட்டுக்குப் பேச வேண்டும், முடியவில்லை. நல்லவேளையாக இன்னொருவர் தன் போனை முதுகுப் பையில் வைத்திருந்தார். அது உயிரோடு இருந்தது. இளநீர்க் கடை நிழலில் அவரைப் படுக்கவைத்து, அந்தப் போனிலிருந்துதான் பேசினோம். அரை மணி நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

போனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஐபோனைச் சுற்றுச்சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்லி ஆப்பிளே எழுதியிருக்கிறது. மே மாதத்தில் சென்னை சர்வசாதாரணமாக 40-ஐத் தொடுகிறது. அதுவும் நிழலில் அளக்கும் கணக்கு. நேர் வெயிலில், கறுப்பு உறைக்குள், திரையை முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, ஜிபிஎஸ்ஸையும் ஓடவிட்டால் எந்த நிறுவனத்தின் போனும் திணறும். வெயிலோடு போட்டி போட்டு ஒளி வீசியாக வேண்டிய திரை அது.

மீட்டரின் திரை அடிப்படையிலேயே வேறு. பெரும்பாலானவற்றில், மேலே விழும் வெயிலையே திருப்பி அனுப்பி எழுத்தைக் காட்டும் திரை இருக்கிறது. வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும், பின்விளக்கே தேவையில்லை. அதனால்தான் சின்ன பேட்டரியிலேயே பல மணி நேரம் ஓடுகிறது. இப்போது வரும் சில விலை உயர்ந்த மீட்டர்களில் போனைப் போலவே ஒளிரும் திரை வைக்கிறார்கள். வாங்குவதற்கு முன் கடை வாசலுக்குக் கொண்டு வந்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். கடைக்குள் குழல் விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

வியர்வையையும் சொல்லியாக வேண்டும். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு தொடுதிரையில் விழுந்தால் வரைபடம் தானாக நகர்கிறது, பதிவு தானாக நின்றுவிடுகிறது. ஈர விரலால் தொட்டால் கேட்பதில்லை. பொத்தான் வைத்த மீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. அழுத்தினால் அழுந்தும்.

கைப்பிடி அதிர்வில் போன் கேமரா கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2021-இல் ஆப்பிள் வெளியிட்ட எச்சரிக்கை, அதிகத் திறன் கொண்ட மோட்டார் சைக்கிள் என்ஜின்களின் அதிர்வைப் பற்றியது. மிதிவண்டியை அதோடு சேர்ப்பது சரியில்லை. எனக்குள்ள பயம் வெப்பம் ஒன்றுதான்.

விடியல், அண்ணா நகர்

திருவான்மியூர் அண்ணா சொன்னதில் போன் முதுகுப் பையில் இருந்தது என்பதுதான் முக்கியமான செய்தி. நான் ஐந்து மணிக்கு முன்பே தனியாகக் கிளம்புகிறவள். எங்கே இருக்கிறேன் என்பது அம்மாவுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே போன் இல்லாமல் நான் தெருமுனையைத் தாண்டுவதில்லை. ஆனால் அது கைப்பிடியில் இருப்பதை என்னால் ஏற்க முடியாது. என் தோழி சிக்னலில் நின்றிருந்தபோது பைக்கில் வந்த இருவர் மவுண்டோடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இழுத்த வேகத்தில் அவள் விழுந்து முழங்கை பெயர்ந்தது. இருட்டில் ஒளிரும் பெரிய திரை தூரத்திலிருந்தே தெரிகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இப்போது என்னிடம் ஒரு சிறிய ஜிபிஎஸ் மீட்டர் இருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நேரலையில் இருப்பிடம் காட்டுவது, விழுந்தால் வீட்டுக்குச் செய்தி அனுப்புவது என்று பெட்டியில் போட்டிருக்கும் வசதிகளெல்லாம் பொதுவாக ப்ளூடூத்தில் இணைத்த போன் வழியாகத்தான் நடக்கின்றன. பெரும்பாலான மீட்டர்களில் சிம் கிடையாது. போன் வீட்டில் இருந்தால், அல்லது சார்ஜ் தீர்ந்திருந்தால், நீங்கள் விழுந்தது மீட்டருக்கு மட்டும்தான் தெரியும்.

விழுந்ததைக் கண்டறியும் வசதி தவறியும் வேலை செய்யும். ஷெனாய் நகரில் வண்ணமே பூசாத ஒரு வேகத்தடை. இருட்டில் தெரியாமல் முன்சக்கரம் ஏறிக் குதித்தது. பிரேக் பிடித்து நின்றுவிட்டேன், விழவில்லை. ஆனால் மீட்டர் விபத்து என்று எண்ணிக்கொண்டு நொடிகளை எண்ணத் தொடங்கியது. அதற்குள் ரத்து செய்யாவிட்டால் செய்தி போய்விடும். கையுறையைக் கழற்றுவதற்குள் போயேவிட்டது. அம்மா அழுதுகொண்டே அழைத்தார். அந்த ரத்துப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கைக்குப் பழக்கப்படுத்துங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும், செய்தி வந்தால் முதலில் என்னை அழையுங்கள், பதில் இல்லையென்றால் 112 அல்லது 108 என்று சொல்லி வையுங்கள்.

தெருவெல்லாம், இராயப்பேட்டை

நான் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறேன். எங்களுக்கு மீட்டர் பயன்படாது. ஆர்டர் வருவது, வாடிக்கையாளர் அழைப்பது, பணம் வாங்குவது எல்லாம் போனில்தான். திருவல்லிக்கேணிச் சந்துகளில் வீடு கண்டுபிடிக்க எந்த மீட்டரின் வரைபடமும் போதாது. மெட்ரோ வேலைக்காக இன்றைக்கு ஒரு பக்கம் அடைப்பார்கள், நாளைக்கு வேறு பக்கம் திருப்பி விடுவார்கள். அதை ஓரளவாவது உடனே காட்டுவது போன் வரைபடம்தான். மீட்டரில் ஏற்றி வைத்த வரைபடத்துக்கு நேற்று அடைத்த தெரு தெரியாது.

வெயிலுக்கு நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். திரையை அணைத்துவிட்டு, ஒரு காதில் மட்டும் தமிழ்க் குரலில் வழி கேட்டுக்கொண்டு போகிறோம். மறு காது சாலைக்கு வேண்டும். போன் இடுப்புப் பையில், உடம்போடு ஒட்டாத பக்கம். உறை வெளிர் நிறம். சூடாக இருக்கும்போது வெயிலில் நின்று பவர் பேங்கில் சார்ஜ் போடுவதில்லை. சூடு இன்னும் ஏறும். கடையில் பொட்டலத்துக்குக் காத்திருக்கும்போது நிழலில் போட்டுக்கொள்வோம். மழையில் இன்னொரு தொல்லை: சார்ஜ் போடும் துளையில் ஈரம் இருந்தால் பல போன்கள் சார்ஜே ஏற்காது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைப்பதைத் தவிர வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சிக்கு ஓட்டும் அண்ணன்களுக்கு இரண்டில் எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஓட்டுபவர் மீட்டர் வாங்கும் காசில் நல்ல டயர் வாங்கலாம்.

நெடுந்தூரம், தாம்பரம்

பிரெவே எனப்படும் நெடுந்தூரப் பயணங்களுக்குப் போகிறவன் நான். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள்ளும், 300-ஐ 20 மணி நேரத்துக்குள்ளும், 600-ஐ 40 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். திரையை எரியவிட்ட போன், நம் வெயிலில் முதல் 100 கிலோமீட்டரைத் தாண்டுவதே பாடு. ஆகவே எனக்கு மீட்டர் வேண்டுமா என்ற கேள்வியே எழவில்லை. வழித்தடத்தை வீட்டிலேயே ஏற்றிக்கொண்டால், இணையம் இல்லாத இடத்திலும் திருப்பத்துக்கு முன் ஒலி எழுப்பும். இரவில் கண் சொருகும் நேரத்தில் அந்த ஒலிதான் துணை.

ஆனால் மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். புதுச்சேரி போய்த் திரும்பும்போது, தேநீருக்காக மரக்காணத்தில் பெரிய சாலையை விட்டுச் சற்று உள்ளே போனோம். குடித்துவிட்டுக் கிளம்பினால், நண்பரின் மீட்டர் தானாகவே புதுவழி கணக்கிட்டு, உப்பளத்துக்குள் கொண்டுபோய் விட்டது. இரு பக்கமும் பாத்தி, நடுவில் ஓரடி அகல வரப்பு. திரையில் அது சாலை! ஈரக்களிமண் டயருக்கும் பிரேக்குக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "வந்த வழியே போங்கப்பா, அந்தப் பக்கம் வாய்க்கால்தான்" என்று கையைக் காட்டினார். வாய்க்கால் மீட்டரில் இல்லவே இல்லை. சாலை விளிம்புக்கு வந்ததும் ஒரு குச்சியை எடுத்துக் களிமண்ணைச் சுரண்டியே இருபது நிமிடம் போயிற்று. உப்புக் களி என்பதால் வீட்டுக்கு வந்ததும் செயினைக் கழுவி எண்ணெய் போட்டோம்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் எல்லோரும் 'தானாக வழி மாற்றுதல்' என்பதை அணைத்துவிட்டு, ஏற்றி வைத்த வழித்தடக் கோட்டை மட்டும் பின்தொடர்கிறோம். கோட்டை விட்டு விலகினால் ஒலிக்கும். எப்படித் திரும்புவது என்பதை நாங்கள் போனைப் பார்த்தோ ஆளைக் கேட்டோ முடிவு செய்வோம்.

பெருங்குடி நண்பருக்கு ஒரு வார்த்தை. காற்றழுத்தத்தால் உயரம் அளக்கும் வசதிக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். சென்னையில் ஏறுவதற்கு மேம்பாலங்களைத் தவிர என்ன இருக்கிறது? ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கோ போகத் தொடங்கும்போது யோசிக்கலாம். அதேபோல, இதயத் துடிப்புப் பட்டை வாங்கினால் ப்ளூடூத், ஆன்ட் பிளஸ் என்ற இரண்டு கம்பியில்லா இணைப்பு முறைகளும் உள்ளதாகப் பாருங்கள். ஐபோன் ஆன்ட் பிளஸ்ஸை ஏற்காது. மீட்டர்கள் பெரும்பாலும் ஏற்கும்.

பழைய பெடல், பெரம்பூர்

ஜிபிஎஸ் உள்ளது, இல்லாதது என்று மீட்டர்களிலேயே இரண்டு வகை உண்டு என்பதை யாரும் சொல்லவில்லையே. என்னுடையது கம்பி மீட்டர். முன்சக்கர ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு சிறு காந்தம், ஃபோர்க்கில் ஓர் உணரி. காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று. சுற்றளவால் பெருக்கினால் தூரம். அவ்வளவுதான் அதன் வேலை. பொத்தான் பேட்டரி ஒன்று போட்டால் மாதக்கணக்கில் கவலையில்லை. விலை ஜிபிஎஸ் மீட்டரில் ஒரு சிறு பங்கு. யாரும் திருடவும் மாட்டார்கள்.

மேம்பாலத்துக்குக் கீழும் மெட்ரோ பாலத்துக்குக் கீழும் செயற்கைக்கோள் சமிக்ஞை கான்கிரீட்டில் பட்டுத் தெறித்து வரும். அப்போது போனின் வரைபடத்தில் நீங்கள் பக்கத்துக் கட்டடத்துக்குள் ஓட்டுவதாகக் கோடு விழும். நண்பர் ஒருவர் கத்திப்பாராவின் கீழ் நின்றுகொண்டிருந்தபோதே அவர் போன் வேகம் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். சக்கரம் சுற்றாவிட்டால் காந்தம் நகராது, என் மீட்டரில் பூஜ்யம்தான். வழி காட்டாது, வீட்டுக்குச் செய்தி அனுப்பாது என்பது உண்மை. அந்த இரண்டுக்கும் சட்டைப் பையில் போன் இருக்கிறதே! தெரிந்த சாலையில் போய் வருகிறவருக்கு இதைவிட எதுவும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஞாயிறு மிதிப்போன், பெருங்குடி

எல்லோருக்கும் நன்றி. போனை முதுகுப் பைக்கு மாற்றிவிட்டேன். கோவளம் தாண்டாதவரை பெரம்பூர் ஐயா சொல்லும் கம்பி மீட்டரே போதும் என்று தோன்றுகிறது. நெடுந்தூரம் போகத் தொடங்கினால் தாம்பரம் நண்பரிடம் வருகிறேன். ஐயா, சுற்றளவு பதியச் சொல்கிறது. கையேட்டு அட்டவணையில் என் டயர் அளவு இல்லை. என்ன செய்வது?

பழைய பெடல், பெரம்பூர்

அட்டவணை இருந்தாலும் நான் அளந்துதான் போடச் சொல்வேன் தம்பி. 700×25 டயருக்கு 2105 மில்லிமீட்டர், 700×28-க்கு 2136 என்று போட்டிருப்பார்கள். காற்றழுத்தத்தையும் உங்கள் எடையையும் பொறுத்து அது சற்று மாறும். வழக்கமாக அடிக்கும் அளவுக்குக் காற்று அடியுங்கள். சமதளத் தரையில், டயரின் வால்வு சரியாகக் கீழே வரும்படி நிறுத்தி, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. நீங்கள் மேலே உட்கார்ந்துகொண்டு, வேறொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நேராக உருட்டுங்கள். வால்வு மறுபடியும் கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே டேப் வைத்து அளந்து, மில்லிமீட்டரில் பதியுங்கள். காந்தத்துக்கும் உணரிக்கும் இடைவெளி ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். டயர் மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டும்.