காட்டுல இருந்தவங்க வெள்ளைக்காரனுக்கு உழைச்சாங்களா, வெள்ளைக்காரன வச்சு உழைச்சுக்கிட்டாங்களா?

தாப்பா_மணி:
ரொம்ப நாளா மண்டைய குடையுற விஷயம். எங்க தாத்தா நேதாஜி படை, பக்கத்து வீட்டு சீனத் தாத்தா அதே வருஷங்கள்ல காட்டுல, மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையில, அதான் மூணு நட்சத்திரத் தொப்பி போட்டவங்க. ஒரே ஊரு, ஒருத்தரு ஜப்பான்காரன் பக்கம் இன்னொருத்தரு வெள்ளைக்காரன் பக்கம். எங்க வீட்டுல தாத்தா போட்டோவுக்கு மாலை, அவங்க வீட்டுல அந்த பேச்சையே எடுக்க மாட்டாங்க. தீபாவளிக்கு வந்த பெரியப்பா 'அவனுங்க வெள்ளைக்காரன் கைக்கூலி'ன்னு ஒரே போடா போட்டுட்டாரு, எனக்கு சோறு எறங்கல. நீங்க என்ன சொல்றீங்க?

மதுரைவாசு:
பெரியப்பா சொன்னது சரிதான் ப்ரோ. சிங்கப்பூர் விழுறதுக்கு முன்னாடியே 101னு ஒரு ஸ்கூல் வச்சு நூத்தம்பது பேருக்கு மேல வெடி வைக்க கத்துக்குடுத்து காட்டுக்குள்ள அனுப்பினது யாரு? பிரிட்டிஷ்காரன். அப்புறம் சிலோன்ல இருந்து ஃபோர்ஸ் 136னு அவனோட ரகசியப் படை ஆளுங்கள நீர்மூழ்கில அனுப்பினது யாரு? அதே பிரிட்டிஷ்காரன். போர் முடிஞ்சதும் காட்டுப் படையில முக்கிய ஆளா இருந்த கம்யூனிஸ்ட் சின் பெங் பிரிட்டிஷ் பதக்கம் வாங்குறாரு. நம்மள ஆண்டவன் கையால பதக்கம் வாங்கினவன எப்படி விடுதலை வீரன்னு சொல்ல முடியும்?

செங்கொடி_சிவா:
வாசு தோழரே, பாதி கதைய சொல்லிட்டு ஓடாதீங்க. 1942 பிப்ரவரில சிங்கப்பூர் விழுந்ததுமே ஜப்பான்காரன் சீனர்கள வரிசையா நிக்க வச்சு பொறுக்கி எடுத்து கொன்னான். அந்த மனுஷங்களுக்கு 'யாரு பக்கம் போலாம்'னு உக்காந்து யோசிக்கிற வசதியா இருந்துச்சு? அதோட மொத ரெண்டு வருஷம் அவங்களுக்கு வெளிய இருந்து ஒரு தோட்டா கூட வரல. 1943 மே மாசம் ஃபோர்ஸ் 136 அதிகாரி ஜான் டேவிஸ் டச்சு நீர்மூழ்கில பேராக் கரையில எறங்குறாரு, வருஷக் கடைசில பீடோர் பக்கம் பிளந்தான் முகாம்ல ஒப்பந்தம். போர் நடக்குற வரைக்கும் ராணுவ விஷயத்துல நேசநாட்டு உத்தரவ கேப்போம், நீ ஆயுதம், பணம், மருந்து குடு. அவ்வளவுதான். போருக்கு அப்புறம் நாடு யாருக்குன்னு ரெண்டு பேருமே வாயத் தொறக்கல. கைக்கூலி இப்படியா பேரம் பேசுவான்?

மதுரைவாசு:
சரி பேரம் பேசினாங்க, அதுக்கு என்ன வேலை பாத்துக் குடுத்தாங்க? ஒப்பந்தம் போட்ட பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல வயர்லெஸ்ஸே வேலை செய்யல, கொழும்போட தொடர்பு கிடைச்சதே 1945 பிப்ரவரில. அப்புறம்தான் லிபரேட்டர் விமானம் வந்து காட்டுக்குள்ள பெட்டி பெட்டியா போட்டுச்சு. மலாயாவுல எறங்கப் போற படைக்கு உள்ள இருந்து உதவணும்னுதான் பிளான், ஆனா ஆகஸ்ட்ல ஜப்பான் சரணடைஞ்சிருச்சு. பெரிய சண்டைன்னு ஒண்ணு நடக்கவே இல்ல. நேதாஜி படையாவது இம்பால் வரைக்கும் போச்சு.

ஈப்போ_டீச்சர்:
தம்பி, இம்பால் வரைக்கும் போனது எந்தப் படையோட சேந்து, அதையும் சேத்து சொல்லுங்க. 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதை போட நம்ம தோட்டத்து ஜனங்கள லயத்துல இருந்து அள்ளிக்கிட்டு போனது அதே ஜப்பான்காரன்தான். போன பல்லாயிரம் பேரு திரும்பி வரல. எங்க ஆச்சி சாகுற வரைக்கும் 'சயாம்'னு சொன்னாலே எழுந்து போயிடுவாங்க. நேதாஜி பேர்ல எனக்கும் மரியாதை உண்டு, ஆனா அந்தக் கணக்கையும் ஒரு பக்கம் எழுதணும் இல்ல?

இன்னொண்ணு, சண்டை நடந்துச்சா இல்லையான்னு மட்டும் பாத்தா பாப்பான்ங்கிற ஊருல இருந்த சிபில் கார்த்திகேசு எங்க நிப்பாங்க? அவங்க வீட்டுக்காரரு டாக்டர் கார்த்திகேசு, யாழ்ப்பாண வழி. பேராக்ல சின்ன ஊரு பாப்பான், அங்க கிளினிக் நடத்திக்கிட்டே ராத்திரில காட்டு ஆளுங்களுக்கு குண்டு எடுத்து கட்டு போட்டு அனுப்புவாங்க, அந்தம்மா சீனம் வேற சரளமா பேசும். ரேடியோவ ஒளிச்சு வச்சு பிபிசி கேட்டு சேதி சொல்லுவாங்க. 1943ல ஜப்பான்காரன் பிடிச்சிட்டான். சின்ன மகளையே மரத்துல கட்டித் தொங்க விட்டு கீழ தீ மூட்டி மிரட்டினான், அந்தம்மா வாயத் தொறக்கல. அடிச்ச அடியில முதுகெலும்பு போயிருச்சு. பிரிட்டிஷ் ஜார்ஜ் பதக்கம் குடுத்தான். பதக்கம் வாங்கினவங்க எல்லாம் கைக்கூலின்னா இவங்களையும் அப்படி சொல்லுவீங்களா?

மதுரைவாசு:
டீச்சர், அவங்கள நா சொல்லல. கும்பிடுறேன். நா சொன்னது இயக்கத்த.

கெடாக்காரன்:
எல்லாரும் ஹீரோ கதை பேசுறீங்க லா. ஜப்பான் சரணடைஞ்சு வெள்ளைக்காரன் வந்து சேர்றதுக்குள்ள ஒரு ரெண்டு மூணு வாரம் இவங்க ராஜ்ஜியம்தான். ஊருக்கு ஊரு மக்கள் கோர்ட்டுன்னு வச்சு, ஜப்பானுக்கு வேலை பாத்தான்னு போலீஸ்காரங்கள, கிராமத் தலைவருங்கள விசாரணையே இல்லாம கொன்னாங்க. பத்து பகாட் பக்கம் சீனர் மலாய்க்காரர் கலவரமே ஆச்சு. மலாய்க்காரங்க வீட்டுல இன்னிக்கும் 'பிந்தாங் தீகா'ன்னா, அதான் மலாய்ல மூணு நட்சத்திரம், நல்ல வார்த்தை இல்ல.

செங்கொடி_சிவா:
கெடா அண்ணே சொன்னத மறுக்க மாட்டேன், நடந்துச்சு. ஆனா காட்டிக் குடுத்தவங்கள்ல பெரிய கை யாருன்னா, அந்தப் படைய நடத்தின மலாயா கம்யூனிஸ்ட் கட்சியோட தலைவரு லாய் தெக்கே. 1942 செப்டம்பர் 1 பத்துமலை பக்கம் ரகசியக் கூட்டம், ஜப்பான்காரன் வந்து சுத்தி வளைச்சு மேல்மட்டத்த காலி பண்ணிட்டான், தலைவரு மட்டும் அன்னிக்கு வரல. அதே ஆளுதான் அடுத்த வருஷம் பிளந்தான்ல பிரிட்டிஷோட உக்காந்து ஒப்பந்தம் பேசுறாரு!! 1947ல கட்சிப் பணத்தோட ஓடினப்பதான் முழுசா புரிஞ்சுது. அடிமட்டத்துல காட்டுல மலேரியாவுல செத்தவனுக்கு இதெல்லாம் தெரியுமா?

தாப்பா_மணி:
நா கேட்டதுக்கு யாரும் நேரா பதில் சொல்லல 😅 யாரு யார பயன்படுத்தினாங்க?

ஈப்போ_டீச்சர்:
ரெண்டு பேருமே தம்பி, ஆனா கணக்கு முடிஞ்சப்ப துப்பாக்கி யாரு கையில இருந்துச்சுன்னு பாருங்க. 1945 டிசம்பர்ல படைய கலைக்கிறாங்க, சுமார் 7,000 பேரு, தலைக்கு 350 டாலர், வீட்டுக்குப் போ. குடுத்தத விட அதிகமாவே ஆயுதம் திரும்பி வந்துச்சாம், காட்டுல புதைச்சது தனிக் கணக்கு. சிபில் அம்மா 1948 ஜூன் 12 கண்ண மூடுறாங்க, நாலு நாள்ல சுங்கை சிப்புட்ல மூணு வெள்ளைக்காரத் துரைங்கள கம்யூனிஸ்ட் ஆளுங்க சுடுறாங்க, அவங்களுக்கு எதிரா பிரிட்டிஷ்காரன் அறிவிச்ச அவசரகாலம் ஆரம்பம். வாசு தம்பிக்கு ஒண்ணு சொல்லணும், 1949 மே மாசம் புடு ஜெயில்ல தூக்குல போட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி நேதாஜி படையில பயிற்சி குடுத்தவரு. கைத்துப்பாக்கி வச்சிருந்தாருன்னு தூக்கு. நேதாஜி படை ஆளும் காட்டுப் படை ஆளும் கடைசில ஒரே எதிரிகிட்டதான் மாட்டினாங்க.

மதுரைவாசு:
கணபதி விஷயம் எனக்குத் தெரியாது டீச்சர். படிக்கிறேன். ஆனாலும் 1943ல வெள்ளைக்காரனோட கை குலுக்கினது தப்புன்னுதான் இப்பவும் சொல்லுவேன், அவன் எப்படியும் திரும்பி வருவான்னு தெரிஞ்சே அவனுக்கு வழி போட்டுக் குடுத்தாங்க.

செங்கொடி_சிவா:
அவங்க இல்லன்னாலும் அவன் வந்திருப்பான் தோழர், அணுகுண்டு போட்ட பிறகு எந்த வழியும் தேவைப்படல.

தாப்பா_மணி:
இன்னிக்கு சாயங்காலம் அந்த சீனத் தாத்தாவோட மகன்கிட்ட பேச்சு குடுத்தேன். அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணு. 1955 டிசம்பர்ல அவசரகாலத்த முடிக்க நடந்த பாலிங் பேச்சுவார்த்தைக்கு சின் பெங் காட்ட விட்டு வெளிய வந்தப்ப, கூட்டிக்கிட்டு போக பிரிட்டிஷ் அனுப்பினது அதே ஜான் டேவிஸ. தலைக்கு விலை வச்ச ஆளுக்கு, காட்டுல கூட இருந்த பழைய கூட்டாளியே துணை. பேச்சு முறிஞ்சதும் திரும்ப காட்டு ஓரம் வரைக்கும் கொண்டு வந்து விட்டவரும் அவரேதான். 'எங்கப்பா டேவிஸப் பத்தி மட்டும் தப்பா பேச மாட்டாரு'ன்னு சொல்லிட்டு டீ போட உள்ள போயிட்டாரு.