வெயிலுக்குள் இருக்கும் கறுப்புக் கோடுகள்: படம் எடுத்தவர்களின் அனுபவம்

எங்கள் ஊர் திருவையாறு பக்கம். போன வருஷம் குறுவை அறுப்பு நேரத்தில், வெயிலை நிறங்களாகப் பிரித்துப் படம் எடுக்க ஆரம்பித்தேன். செருப்பு அட்டைப்பெட்டி, சவர பிளேடு இரண்டு, பழைய டிவிடி, கைப்பேசி, இவ்வளவுதான் கருவி. எழுதும் வகை டிவிடியை ஓரத்தில் நெம்பினால் இரண்டு தகடாகப் பிரியும். வெள்ளிப் பூச்சு இல்லாத தகட்டின் சாயத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டால் தெளிந்துவிடும். அதில் மில்லிமீட்டருக்குச் சுமார் 1350 வரிகள், சிடியில் 625தான். வரி நெருங்க நெருங்க நிறங்கள் நன்றாக விரியும்.

முதல் வாரம் முழுக்க வானவில் மட்டும்தான் கிடைத்தது. நான் தேடியது அதற்குள் இருக்கும் கறுப்புக் கோடுகளை, 1814இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரான்ஹோஃபர் ஐந்நூறுக்கு மேல் எண்ணி வைத்தவற்றை. பெட்டியின் ஒரு முனையில், வெளிச்சம் நுழைய, பிளேடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் பிளவு விட்டிருந்தேன்; மறுமுனையில் டிவிடித் தகடு, அதன் பின்னால் கைப்பேசி. அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கோடுகளை மூடிவிட்டன. அப்புறம் நடுவில் ஒற்றைத் தாளைச் செருகி, பிளேடுகளை ஒட்டிவிட்டுத் தாளை உருவினேன். சரியான அளவு அதுதான்.

உடனே கோடுகள் வந்தன. பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் சிவப்பிலிருந்து ஊதா வரை நீளவாக்கில் ஓடுகின்றன. பிளேடு விளிம்பில் ஒட்டிய தூசி! அறுப்பு மெஷின் ஓடும் நாட்களில் பதர்த் தூசி மொட்டை மாடி வரை வந்துவிடும். சூரியனின் கோடுகள் நிறங்களுக்குக் குறுக்கே நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

பெட்டியைச் சூரியனுக்கு நேராகக் காட்டாதீர்கள், கண்ணுக்கு ஆபத்து. வெயில் விழும் வெள்ளைத் தாளை நோக்கி வைத்தாலே போதும். கைப்பேசியின் ஃபோகஸை ஆட்டோவில் விடாமல் நீங்களே பிளவின்மேல் வையுங்கள்.

பிளேடைத் துடைத்த மறுநாள் கறுப்புக் கோடுகளாக, பச்சையில் 517 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் மக்னீசியம், நீலத்தில் 486இல் ஹைட்ரஜன், மஞ்சளில் 589இல் சோடியம், மூன்றும் தெரிந்தன. இருட்டியதும் பெட்டியையும் கைப்பேசியையும் அசைக்காமல், பிளவுக்கு முன்னால் ஸ்பிரிட் விளக்கை வைத்து, திரியில் வேதாரண்யம் உப்பைத் தூவிக் கொளுத்தினேன். ஒற்றை மஞ்சள் கோடு பளிச்சென்று நின்றது. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். வெயிலில் எங்கே கறுப்பாக இருந்ததோ, அதே இடம்! சூரியனின் மேலடுக்கில் இருக்கும் சோடியம் எந்த மஞ்சளை விழுங்குகிறதோ, அதே மஞ்சளைத்தான் இங்கே உப்பில் இருக்கும் சோடியம் உமிழ்கிறது. ஜெர்மன் விஞ்ஞானிகள் கிர்க்காஃபும் புன்சனும் 1859இல் கண்டது இதைத்தான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்ம உப்புல இருக்கறதா அங்கயும் இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

* * *

நானும் இப்படிப் படம் எடுக்கிறேன், ஊர் மன்னார்குடி. உங்கள் படத்தில் சிவப்பின் கடைசி ஓரம், 687 நானோமீட்டர் பக்கம் ஒரு கறுப்புப் பட்டை தெரிகிறதா பாருங்கள். அது சூரியனுடையது இல்லை, நம் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன். ஹரித்ராநதி தெப்பக்குளக் கரையில் நண்பகலில் எடுத்தபோது மங்கலாக இருந்தது. அதே இடத்தில் பொழுது சாயும் நேரத்தில் எடுத்ததில் நல்ல கறுப்பு. சாயங்கால வெயில் நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருகிறது அல்லவா, அதனால்தான். படித்துறையில் பெட்டியை வைத்தால் அசையாது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை எவ்வளவு நீட்டினாலும் கோடு கலையவில்லை.