ஆங்கில ஒப்பீட்டில் 'மோர் டாலர்' (more taller) ஏன் தப்பு? எங்கே இ-ஆர் (-er), எங்கே 'மோர்'?

கேள்வி:
"அவன் என்னைவிட உயரம்" என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 'ஹி இஸ் டால் தேன் மீ' என்று வந்துவிடுகிறது. திருத்தப் போனால் 'மோர் டாலர்' ஆகிறது. எந்தச் சொல்லின் கடைசியில் இ-ஆர் சேரும், எதற்கு முன் 'மோர்' வரும் என்று கணக்கு ஏதும் உண்டா? 'பிக்' என்பது 'பிக்கர்' ஆகும்போது மட்டும் ஏன் 'ஜி' இரட்டிக்கிறது?

பதில் 1:
இந்தப் பிழைக்குக் காரணம் தமிழ்ப் பழக்கம். நமக்கு 'விட' ஒன்றே போதும், 'உயரம்' மாறாது. ஆங்கிலத்தில் 'தேன்' வந்தாலும் 'டால்' என்பது 'டாலர்' ஆகியே தீரவேண்டும். ஆனால் ஒரு மாற்றம்தான். இ-ஆர் சேர்ந்த பிறகு 'மோர்' கூடாது.

கணக்கு அசையில் இருக்கிறது. யாப்பிலக்கண அசை அல்ல, காதில் விழும் உயிரொலிகளை எண்ணுங்கள். ஓரசை என்றால் இ-ஆர்: 'ஃபாஸ்டர்', 'கோல்டர்'. ஈரசைச் சொல் 'ஒய்'யில் முடிந்தால் அது 'ஐ' ஆகி இ-ஆர் ஏற்கும்: 'ஈஸி', 'ஈஸியர்'. மூன்றசையும் அதற்கு மேலும் இருந்தால் பெரும்பாலும் 'மோர்'. 'ஃபுல்', 'லெஸ்', 'இங்', இ-டி என முடிபவையும் அப்படியே: 'மோர் யூஸ்ஃபுல்', 'மோர் போரிங்', 'மோர் டயர்ட்'. 'குட், பெட்டர்', 'பேட், வர்ஸ்' மனப்பாடம்தான்.

பதில் 2:
ஓரசைச் சொல்லின் கடைசியில் ஒரே உயிரெழுத்தும் ஒரே மெய்யெழுத்தும் இருந்தால் அந்த மெய் இரட்டிக்கும்: 'பிக்', 'ஹாட்', 'தின்'. 'ஹாட்'டில் 'டி'யை இரட்டிக்காவிட்டால் 'ஹோட்டர்' என்று படிக்கத் தோன்றும். அதைத் தடுக்கவே இந்த வழக்கம். 'சீப்'பில் இரண்டு உயிரெழுத்து, 'லாங்'கில் இரண்டு மெய்யெழுத்து, அதனால் இரட்டிப்பு இல்லை. 'ஸ்லோ', 'நியூ' இரண்டிலும் கடைசி எழுத்து 'டபிள்யூ'. அது ஒருபோதும் இரட்டிக்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 'கிளெவர்', 'சிம்பிள்' எந்தப் பக்கம்?

பதில் 1:
இரண்டும் செல்லும். 'சிம்ப்ளர்' அதிகம் புழங்குகிறது, 'மோர் சிம்பிள்' பிழையல்ல.

பதில் 3:
இன்னும் சில இடங்களில் தவறு வரும். "ரொம்பவே உயரம்" என்று ஒப்பிடும்போது 'வெரி டாலர்' கூடாது, 'மச் டாலர்' வேண்டும். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' லத்தீன் வழி வந்தவை. இவற்றுக்குப் பின் 'டு' வரும், 'தேன்' அல்ல. 'எல்டர் தேன்' இல்லை, 'ஓல்டர் தேன்'.

கண்ணில் படாமல் தப்பும் பிழை ஒன்று: 'ஹிஸ் ஹேண்ட்ரைட்டிங் இஸ் நீட்டர் தேன் மீ'. இது கையெழுத்தை ஆளோடு ஒப்பிடுகிறது. "என்னைவிட அவன் கையெழுத்து அழகு" என்று தமிழில் சொல்லிப் பழகியதால் உறுத்துவதில்லை. கடைசியில் 'மீ' போய் 'மைன்' வரவேண்டும்.