பறை: கருவியின் பெயரா, பேச்சின் பெயரா?

வள்ளியாறு கேட்டது:
அனைவருக்கும் வணக்கம். மலையாளத்தில் 'பறயுக' என்றால் சொல்லுதல். யாழ்ப்பாணத்து உறவினர்களும் பேசுவதைப் 'பறைதல்' என்கிறார்கள். எங்கள் ஊரிலோ பறை என்பது தோற்கருவி மட்டுமே. இரண்டும் ஒரே சொல்லா, ஒலியொற்றுமை மட்டுமா? ஆங்கிலத்தில் உள்ள 'பரியா', சிங்களத்தில் மேளத்தைக் குறிக்கும் 'பெர' ஆகிய இரண்டும் இதிலிருந்தே பிறந்தவை என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

சொல்லேருழவன் மறுமொழி:
ஒரே சொல் என்று கொள்வதே பொருந்தும் என்பது என் கருத்து. ஊருக்கு ஒரு செய்தியை அறிவிப்பதென்றால் பறையை முழக்கி அறிவிப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், முழக்குவதும் சொல்வதும் ஒரே செயலின் இரு பக்கங்களாக இருந்தன. 'பறைசாற்றுதல்' என்று இன்றைய மேடைப் பேச்சாளர்கள் கருவியை நினைக்காமலே சொல்வதில் அதன் தடம் இருக்கிறது. 'அறை' என்ற சொல்லையும் பாருங்கள்: கன்னத்தில் அறைவதும் அதுவே, முரசு அறைவதும் அதுவே, சொல்லுதல் என்ற பொருளில் செய்யுளில் வருவதும் அதுவே. வள்ளுவர் 1076ஆம் குறளில், கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் கயவரை 'அறைபறை அன்னர்' என்கிறார். கருவிக்கு வாய் இருப்பதாக எண்ணாமல் இந்த உவமை எழாது. 1180ஆம் குறளிலோ காதலை ஊருக்குக் காட்டிக்கொடுக்கும் கண்களே 'அறைபறை' ஆகிவிடுகின்றன.

கருவியின் இயல்பும் இதற்குத் துணை நிற்கிறது. வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டி, வாசிக்கும் முன் தீயருகே காட்டித் தோலை விறைக்கச் செய்து, இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சியும் வலக்கையில் தடித்த குட்டைக் குச்சியுமாக அடிக்கும்போது எழும் ஒலி, நெடுந்தொலைவு கேட்கும்.

தென்பொருநை மறுமொழி:
'பரியா' குறித்து ஐயம் வேண்டியதில்லை. பறையர் என்ற தமிழ்ப் பெயரே ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. ஆங்கில எழுத்தில் அது 1613இலேயே பதிவாகியிருக்கிறது. பிறகு அங்கே எவராலும் ஒதுக்கப்பட்டவர் என்று பொருள் விரிந்து, இன்று நாடுகளைக்கூட அப்படிக் குறிப்பிடுகிறார்கள். ஒரு மக்களின் பெயரை வசைச்சொல்லாக வழங்குகிறோம் என்ற உணர்வே அதை எழுதுவோரில் பலருக்கு இருப்பதில்லை என்பது எனக்கு உறுத்தலான செய்தி. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், 'துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கு அல்லது குடியும் இல்லை' என்று பாடும் இடத்தில் இழிவின் சாயல் சிறிதும் இல்லை. தொல்காப்பியமும் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களுள் பறையை வைத்து எண்ணுகிறது.

வள்ளியாறு:
நன்றி ஐயா. அப்படியானால் திருப்பாவையில் 'நாராயணனே நமக்கே பறை தருவான்' என்று வருவது?

தென்பொருநை மறுமொழி:
நோன்புக்கு வேண்டிய கருவி என்பது மேலோட்டமான பொருள். 29ஆம் பாசுரத்தில் 'இற்றைப் பறை கொள்வான் அன்று காண்' என்று ஆண்டாளே அதை மறுத்துவிடுவதால், உரையாசிரியர்கள் இறைவனுக்குச் செய்யும் தொண்டையே பறை என்று விரித்தார்கள். சொல் வரலாற்றில் இதற்கு மேல் இதை இழுக்க வேண்டாம்.

ஈழத்துச் செல்வி மறுமொழி:
சிங்களப் 'பெர' மட்டும் வேறு வழியில் வந்தது. அது வடமொழி, பாலி ஆகியவற்றில் உள்ள 'பேரி'யின் திரிபு. நமது பேரிகையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அசோகரின் நான்காம் பாறைக் கல்வெட்டில், பேரியின் முழக்கம் தருமத்தின் முழக்கமாகிவிட்டது என்ற பொருள்பட ஒரு தொடர் வருகிறது. ஆக, அங்கும் கொட்டு என்பது அரசனின் குரலாகவே நின்றிருக்கிறது. சிங்களத்திலும் அரச கட்டளையை ஊரறியச் செய்யும் முழக்கத்துக்கு 'அணபெர' என்று பெயர். அதன் முற்பகுதி நமது 'ஆணை'க்கு உறவானது. பறையும் பெரவும் ஒரே வேலையைச் செய்ததாலும் ஒலி சற்று ஒத்திருப்பதாலும் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுகிறது. ஆனால் பறையில் உள்ள வல்லின றகரத்துக்கும் பேரியின் இடையின ரகரத்துக்கும் இடையில் பாலம் கட்ட எனக்குத் தெரிந்த ஒலிமாற்ற விதி எதுவும் உதவவில்லை.