பிப்ரவரியில் ட்ரோம்சோ, ஐந்து இரவு: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பயணக்கிறுக்கு:
பிப்ரவரி நடுவில், வட நார்வேயில் இருக்கும் ட்ரோம்சோவில் ஐந்து இரவு. பெரியவர்கள் இருவர், எட்டு வயதுப் பையன் ஒருவன். யாருக்கும் ஸ்கீ தெரியாது. பட்டியலில் ஹஸ்கி நாய்கள் இழுக்கும் பனிவண்டி, ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி), திமிங்கிலம், கலைமான், துருவ ஒளி (அரோரா). ஒரு நாளைக்கு இரண்டு என்று போட்டால் எல்லாம் அடங்கிவிடும் போலிருக்கிறது. சரிப்படுமா? உடையில் எதைக் கையோடு கொண்டுபோக வேண்டும்? துருவ ஒளி போனிலேயே விழுமா?

வடதிசை67:
முதலில் திமிங்கிலத்தை அடித்துவிடுங்கள். ஓர்க்கா திமிங்கிலங்கள் ஹெர்ரிங் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு, ட்ரோம்சோவுக்கு வடகிழக்கே இருக்கும் ஷெர்வோய் பக்கம் வருவது நவம்பர் முதல் ஜனவரி வரைதான். பிப்ரவரியில் மீன் நகர்ந்துவிடும், பின்னாலேயே அவையும்.

ஒரு நாளைக்கு இரண்டு வேண்டாம். அந்த நேரத்தில் பகல் ஏழெட்டு மணி நேரம் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பஸ்ஸில் போய்வருவது, உடை மாற்றுவது, விளக்கம் கேட்பது என்று அரை நாள் போய்விடும். பகலில் ஒன்று மட்டும் வையுங்கள், இரவைக் காலியாக விடுங்கள்.

துருவ ஒளிக்கு முன்கூட்டியே தேதி குறிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. துருவத்தைச் சுற்றி ஒளி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழேதான் ட்ரோம்சோ இருக்கிறது. பூமியின் காந்தப்புலக் கொந்தளிப்பைக் காட்டும் கேபி எண் 2 இருந்தாலே போதும், 5 வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கெடுப்பது மேகம்தான். கடலோரம் மூடிக்கிடக்கும் அதே இரவில், மலைக்கு அந்தப் பக்கம் மழைமறைவில் இருக்கும் ஷிபோட்ன் பள்ளத்தாக்கு தெளிந்திருக்கலாம். மேக வரைபடத்தை அன்று மதியம் பாருங்கள், எந்தத் திசையில் வானம் திறக்கிறதோ அங்கே ஓட்டிப்போகும் சிறு வேனில் இடம் பிடியுங்கள். கடைசி இரவுக்கு என்று தள்ளாதீர்கள். முதல் தெளிந்த இரவே உங்கள் இரவு.

ஸ்னோமொபைல் ஓட்ட கார் உரிமம் அட்டையாகவே கையில் இருக்க வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்கு வேண்டாம். பையனை, வழிகாட்டியின் ஸ்னோமொபைல் இழுக்கும் ஸ்லெட்டில் (சறுக்குவண்டியில்) வைப்பார்கள். வயது, உயர வரம்பு நடத்துபவருக்கு நடத்துபவர் மாறும், எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கலைமான்கொம்பு:
ஐந்தில் ஒன்றுதான் முடியும் என்றால் ஹஸ்கி. ஆனால் நீங்களே ஓட்டும் வகையை எடுங்கள். உட்கார்ந்து மட்டும் போனால் சுகம் பாதிதான் (நாய்கள் ஓடிக்கொண்டே மலம் கழிக்கும், உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு நேரே!).

ஒருவர் உட்காருவார், ஒருவர் பின்னால் இரண்டு சறுக்குக் கட்டைகளில் நிற்பார். கால்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் இருக்கும், அதுதான் பிரேக். வண்டியைப் பனியில் பிடித்து நிறுத்தும் நங்கூரத்தைப் பிடுங்குவதற்கு முன்பே அதன்மேல் இரண்டு காலும் இருக்க வேண்டும். நாய்கள் குரைத்துத் துள்ளிக்கொண்டே நிற்கும், விட்ட நொடியில் பாயும். ஓட ஆரம்பித்ததும் அத்தனை சத்தமும் அடங்கி, கட்டைகள் பனியில் உரசுவது மட்டும் கேட்கும். இறக்கத்தில் பிரேக்கை லேசாக அழுத்தி இழுகயிறு விறைப்பாகவே இருக்கும்படி பாருங்கள். கயிறு தொய்ந்தால் வண்டி கடைசி ஜோடி நாய்களின் பின்னங்காலில் மோதும். ஏற்றத்தில் ஒரு காலால் உந்துங்கள். விழுந்தாலும் கைப்பிடியை விடக் கூடாது. விட்டால் வண்டி, பையன், நாய்கள் எல்லாம் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

உடை: மேலே போடும் குளிர் அங்கியும் பூட்ஸும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது அதற்கு உள்ளே போடுவது. உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி இரண்டு செட், மேலே ஃப்ளீஸ் சட்டை. பருத்தி ஆகவே ஆகாது. வேர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும், நின்ற ஐந்தாவது நிமிடம் நடுக்கும். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாகக் கேளுங்கள். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் முதலில் மரத்துப்போகும். கைக்கு விரல் பிரியாத உறை, உள்ளே மெல்லிய கையுறை. கை, காலைக் கதகதப்பாக்கும் சூட்டுப் பொட்டலம் காற்றிலுள்ள ஆக்சிஜனால் வேலை செய்வது. பிரித்துச் சில நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு உள்ளே போடுங்கள். இறுக்கமான பூட்ஸுக்குள் காற்றில்லாமல் அணைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காலணிக்கு மாட்டும் ஆணிப்பட்டை. ட்ரோம்சோவில் பனி உருகி இரவில் மறுபடி உறையும், நடைபாதை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மலையில் அல்ல, ஊருக்குள்தான் அதிகம் வழுக்கி விழுவார்கள்.

கலைமான் பண்ணையில் சாமி (Sámi, அந்தப் பகுதியின் பூர்வகுடி) மக்களிடம் "எத்தனை மான் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம்.

இரவுக்கண்:
போனில் விழும், கேமரா முக்காலி (ட்ரைபாட்) இருந்தால். நைட் மோடில் வைத்து, டைமரில் தட்டுங்கள். கேமரா என்றால் லென்ஸ் துவாரம் எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600, ஒளி விழும் நேரம் 8 நொடி என்று ஆரம்பியுங்கள். ஒளி வேகமாக ஆடினால் 2 முதல் 4 நொடிக்கு இறக்கி ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் திரைச்சீலை மடிப்புபோல் ஆடும் ஒளியெல்லாம் பச்சைக் கூழாகிவிடும். ஃபோகஸைக் கையால், ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள்.

குளிரில் பேட்டரி செத்ததுபோல் அணையும், உடம்புச் சூட்டில் திரும்ப உயிர் வரும். உள்பையில் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள், அது பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். அறைக்குள் நுழையும் முன், வெளியிலேயே கேமராவை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டிவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்தால் ஈரம் பைக்கு வெளியேதான் படிந்திருக்கும்.

பயணக்கிறுக்கு:
நன்றி. திமிங்கிலம் போச்சு. அந்த இடத்தில் சானாவில் (சூட்டு அறையில்) இருந்துவிட்டுக் கடலில் முங்குவதை வைக்கலாமா?

வடதிசை67:
வைக்கலாம், பையனுக்குச் சானாவின் கீழ்ப்படி மட்டும். குதிக்காதீர்கள், ஏணியில் இறங்குங்கள். முதல் அரை நிமிடம் மூச்சு தானாகவே எகிறும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து, கழுத்துக்கு மேல் நனைய விடாதீர்கள். மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டே இருங்கள், அரை நிமிடத்தில் ஏறிவிடுங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்களும் மது குடித்தவர்களும் இறங்கவே கூடாது. காலில் கம்பளி சாக்ஸோடு இறங்குங்கள், படியில் ஐஸ் பிடித்திருக்கும்.