'கவிஞர் மிக அழகாகக் கூறுகிறார்': கட்டுரை நோட்டில் இதை எப்படித் திருத்துவது?

பாலக்கோடு டீச்சர்:
வணக்கம். பதினொன்றாம் வகுப்புக் கட்டுரை நோட்டு திருத்திக்கொண்டிருக்கிறேன். எந்தச் சங்கப் பாட்டைக் கொடுத்தாலும் 'இப்பாடலில் கவிஞர் தன் காதல் துயரத்தை மிக அழகாகக் கூறியுள்ளார்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். குறுந்தொகை 28, 'முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்' கொடுத்தேன். தன் நோய் தெரியாமல் தூங்குகிற ஊரை என்ன செய்வேன் என்று தவிப்பவள் தலைவி. பாடியவர் ஔவையார் என்று கீழே இருப்பதைப் பார்த்துவிட்டு, ஔவையாருக்கே அந்த நோய் வந்ததாகப் பாதி வகுப்பு எழுதியிருக்கிறது. இதில் பிற்காலத்தில் ஆத்திசூடி பாடிய வேறொரு ஔவைப் பாட்டியையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். சிவப்பு மையில் சுழித்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஊத்தங்கரை தமிழ் ஐயா:
கூற்றிலிருந்து தொடங்குங்கள் டீச்சர். காதலைப் பாடும் அகப்பாட்டுக்குக் கீழே 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று இருப்பதைப் பிள்ளைகள் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்று எழுதிய பிறகே அடுத்த வாக்கியம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். அதே ஔவையாரின் புறநானூறு 91-ஐப் பக்கத்தில் வையுங்கள். சாதல் நீங்க நெல்லிக்கனியை 'எமக்கீந்தனையே' என்று தகடூர் (இன்றைய தருமபுரி) மன்னன் அதியமானிடம் அவரே பேசுகிறார், அங்கே 'ஔவையார் கூறுகிறார்' என்று எழுதினால் சரி. தகடூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான், வித்தியாசம் சட்டென்று பிடிபடும். 'யாயும் ஞாயும்' பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் புலவரின் இயற்பெயரே நமக்குத் தெரியாது, 'செம்புலப் பெயல்நீர்' என்ற உவமையை வைத்துத்தான் செம்புலப்பெயனீரார் என்கிறோம். அப்படியிருக்க, அவர் தன் காதலியிடம் பேசினார் என்று எதை வைத்து எழுதுவது?

ஓசூர்க்காரன்:
எனக்கு அந்த 'மிக அழகாக'தான் பெரிய தொல்லை. எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் அதிகம், நோட்ஸில் மனப்பாடம் செய்த வாக்கியத்தை விட்டால் தடுமாறிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள், அதனால் திட்டுவதில்லை. 'அழகு' என்று எழுதினால் எந்த அடி என்று பக்கத்திலேயே குறிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடிய புறநானூறு 95-க்கு ஒரு பெண் 'தொண்டைமானின் படைக்கலங்களை ஔவையார் அழகாகப் புகழ்கிறார்' என்று எழுதியிருந்தாள். 'பீலி அணிந்து, மாலை சூட்டி' என்ற அடியைக் குறித்தவள், அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். அப்புறம் 'புகழ்வதுபோல் இகழ்கிறார்' என்று அவளே மாற்றி எழுதினாள். வஞ்சப்புகழ்ச்சி என்ற பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அரூர் வாசகர்:
'உவமையாக உவமித்துள்ளார்' என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். உருவகம் எல்லாவற்றையும் உவமை என்றே எழுதுகிறார்கள். மதிமுகம் (மதி போன்ற முகம்) உவமை, முகமதி (முகமாகிய மதி) உருவகம். இந்த ஒரு ஜோடி போதும்.

பாலக்கோடு டீச்சர்:
நன்றி ஐயா, நன்றி எல்லாருக்கும். 28-ஐயும் 91-ஐயும் ஒரே தாளில் கொடுத்துப் பார்க்கிறேன். புதுக்கவிதைக்குக் கூற்று கிடையாதே, அங்கே 'நான்' என்று வந்தால் என்ன எழுதச் சொல்வது?

ஊத்தங்கரை தமிழ் ஐயா:
'கவிதைசொல்லி', அதாவது கவிதைக்குள் பேசுகிற குரல், என்று எழுதச் சொல்லுங்கள். விமர்சனத்தில் புழங்குகிற சொல்தான். அந்த 'நான்' கவிஞரேதான் என்று ஒரு பிள்ளை எழுதினால், கவிதைக்குள் அதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள்.