புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் வீட்டில் டாக்ஸ்ஹண்ட்

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு டாக்ஸ்ஹண்ட் என்ற நீள உடம்பு, குட்டைக் கால் நாய் சரிப்படுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தங்கமான நாய் என்றார்கள் சிலர். குரைத்தே காதைச் செவிடாக்கிவிடும் என்றார்கள் சிலர். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்ததில் இரண்டுமே சரி.

செம்பனைத் தோட்டத்து ஓரம் என்பதால் எலிக்குப் பஞ்சமில்லை. ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து பேட்ஜர் (மண்ணில் வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு) பிடிக்க வளர்த்த இனமாச்சே, சும்மா இருக்குமா? வேலியடியில் மூக்கை நுழைத்து, முன்னங்காலால் செம்மண்ணை வாரி இறைக்கிறது. நாகம் நடமாடும் இடம், அதனால் வேலியோரம் சிமெண்டுக் கல் பதித்தாயிற்று.

பெரிய கவலை முதுகுதான். நீண்ட உடம்பு என்பது மட்டும் காரணமில்லை. குட்டைக் காலைத் தரும் மரபணுவே முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகளையும் சீக்கிரம் கெட்டியாக்கிவிடுகிறது. வட்டு பிதுங்கினால் பின்னங்கால் செயலிழக்கலாம். அதனால் சோபாவுக்குச் சாய்வுப் பலகை, படிக்கட்டுக்குத் தடுப்பு. தூக்கினால் ஒரு கை நெஞ்சடியில், மறு கை பின்பக்கத்தில். மகள் இதைச் சரியாகச் செய்கிறாள்.

அம்மாதான் ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார். எடை கூடினால் முதுகுக்கு ஆகாதும்மா என்றால், "பாவம்டா, பார்த்துக்கிட்டே நிக்குது" என்கிறார்.

அப்புறம், கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சுப் பட்டை வாங்கணும். ஈப்போவில் இந்த நீள உடம்புக்குப் பொருந்துவது எங்கே கிடைக்கும்?